சுவருக்கு மட்டும் கேட்ட இருமல்

போன இலையுதிர்காலத்தில் எனக்கு வந்த இருமலை என் அலுவலகத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. எனக்கு வீட்டிலிருந்தே வேலை. திரையில் தலைகள் கட்டங்கட்டமாக வரும் கூட்டங்களில், தொண்டையில் அரிப்பு கிளம்பியதுமே மைக்கை அணைத்துவிடுவேன். கேமராவுக்குக் கீழே குனிந்து, கண்ணில் நீர் முட்டும்வரை இருமிவிட்டு, நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி மைக்கைப் போடுவேன். விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வேன். என் வீட்டு இணையம் மோசம் என்று அவர்களுக்குள் ஒரு அனுதாபம் உண்டு. அதை நான் கலைக்கவில்லை.

வறட்டு இருமல். சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது, படுக்கையில் விழ ஒரு நியாயமான காரணம்கூடக் கிடையாது. செப்டம்பர் கடைசியில், ஹீட்டரை முதன்முதலாகப் போட்ட வாரத்தில் ஆரம்பித்தது. தொலைபேசியில் பேசிய டாக்டர், இது பலருக்கும் இருக்கிறது, சில வாரம் இழுக்கும், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்றார். தண்ணீர் குடித்தேன். கழிப்பறைக்கு நடந்ததுதான் மிச்சம்.

அலுவலகத்துக்குக் கேட்காத இருமல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கிறது. லண்டனின் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கின்றன. என் வரவேற்பறைக்கும் பக்கத்து வீட்டு முன்னறைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அந்தச் சுவருக்கு அப்பால் இருப்பவர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. பிரான்சில் நெடுங்காலம் இருந்துவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பத்தோடு இங்கே வந்தவர். பிள்ளைகள் இப்போது வேறு ஊர்களில் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். கணவர் டைல்ஸ் பதிக்கிற வேலைக்கு விடியுமுன் வேனை எடுத்துக்கொண்டு போய், இருட்டிய பிறகுதான் திரும்புவார். அம்மையார் வீட்டிலேயே சேலை ரவிக்கைகள் தைத்துக் கொடுக்கிறார். பகல் முழுக்க அவருடைய தையல் மெஷின் சுவர் வழியே கடகடவென்று கேட்டுக்கொண்டிருக்கும். ஆரம்பத்தில் அதை நினைத்துப் பல்லைக் கடித்திருக்கிறேன். பிறகு பழகிவிட்டது.

என்னைவிட ஏழெட்டு வயதுதான் இளையவராக இருப்பார். ஆனாலும் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும் நாளில் ஒரு தலையசைப்பு, தீபாவளிக்கு ஒரு தட்டுப் பலகாரம் என்பதைத் தாண்டி எங்களுக்குள் பேச்சு வளரவில்லை. அதற்கு நான்தான் காரணம். நான் மலேசியாவில், தைப்பிங்கில் பிறந்தவள். படிக்க வந்தேன், படிப்பு முடிந்தது, ஒரு கவுன்சிலில், அதாவது இங்குள்ள நகராட்சியில், வேலை கிடைத்தது, வருஷங்கள் போய்விட்டன. கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பின்னால் பெரிய கதை ஒன்றும் இல்லை. யாரும் என்னை ஏமாற்றவில்லை. கதை கேட்க வருபவர்கள்தான் ஏமாந்து போவார்கள். அந்த ஏமாற்றத்தைப் பார்க்கப் பிடிக்காமலேயே அக்கம்பக்கத்தோடு அளவாக இருந்துவிட்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. திறந்தால் பக்கத்து வீட்டம்மா, கையில் மூடி போட்ட தூக்குச்சட்டி. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அதைக் கழற்ற மறந்து வந்திருந்தார்.

"என்னக்கா, இந்த இருமல் உங்களை விடாது போல கிடக்கு. எனக்குக் கேட்டுக் கேட்டு நெஞ்சு நோகுது. இந்தாங்கோ, மிளகு ரசம். உள்ளியும் மிளகும் நல்லா இடிச்சுப் போட்டிருக்கிறன். சுடச்சுடக் குடியுங்கோ."

உள்ளே வாங்க என்றேன். மரியாதைக்குத்தான் சொன்னேன். அவர் உடனே வந்துவிட்டார். சாப்பாட்டு மேஜையில், என் லேப்டாப்புக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் அதுவரை நான் சலவைத் துணிகளைத்தான் போட்டு வைத்திருந்தேன். நான் ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடிப்பதை அவர் கடைசிச் சொட்டுவரை பார்த்துக்கொண்டிருந்தார். காரம் காது வழியாக வெளியே வந்தது. யாரோ ஒருவர் எதிரே உட்கார்ந்து நான் விழுங்குவதைக் கவனித்து எத்தனை காலமாயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. அழுகை வரப் பார்த்தது. நல்லவேளை, மிளகின் மேல் பழியைப் போட முடிந்தது.

அன்றிலிருந்து அநேகமாக எல்லா நாளும் வந்தார். ஒரு நாள் ரசம், ஒரு நாள் வேர்க்கொம்பு போட்ட மல்லித் தண்ணீர். நாங்கள் சுக்கு என்பதைத்தான் அவர் வேர்க்கொம்பு என்பார், பூண்டை உள்ளி என்பார். வந்தால் கொஞ்ச நேரம் இருப்பார். ரவிக்கைக்குக் கொடுத்தவர்கள் கடைசி நேரத்தில் கழுத்தை இன்னும் இறக்கச் சொல்வதைப் பற்றி, மகள் போன் எடுக்காததைப் பற்றி, பாரிஸில் கிடைக்கிற ரொட்டியைப் பற்றிப் பேசுவார். நான் அதிகம் பேசமாட்டேன். ஆனால் நாலு மணிக்கு மேல் ஆகிவிட்டால் என் காது கதவிலேயே இருக்கும். லேப்டாப்பை மூடி, மேஜையைத் துடைத்து, நாற்காலியைக் காலி செய்து வைத்துவிடுவேன்.

இருமல் மட்டும் குறையவில்லை. ரசம் குடித்த அந்த நிமிஷம் தொண்டை திறந்தது போல் இருக்கும். அரை மணி கழித்து முன்னைவிட வறண்டு, மணலை விழுங்கியது போல் அரிக்கும். விலா எலும்புகளுக்கு நடுவில் வலி நிரந்தரமாகத் தங்கிவிட்டது. இப்படியே போனால் அலுவலகத்தில் பேசுவதற்குக் குரலே இருக்காது என்ற நிலையில்தான் எனக்குச் சீன மருந்துக் கடை ஞாபகம் வந்தது.

மலேசியாவில் வளர்ந்தவர்களுக்குச் சீன வைத்தியம் என்பது அந்நியச் சரக்கு இல்லை. வாயில் புண் வந்தால் எங்கள் அம்மா சீனர் கடையில் கசப்புத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தவர்தான். உடம்புச் சூடு, குளிர்ச்சி என்று பேசுவதில் அவர்களுக்கும் நமக்கும் பெரிய சண்டை கிடையாது. எது சூடு, எது குளிர்ச்சி என்பதில்தான் சண்டை. அது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

பிக்கடில்லி ரயிலில் ஏறி லெஸ்டர் ஸ்குவேரில் இறங்கி, ஒரு சந்துக்குள் இருந்த கடைக்குப் போனேன். உள்ளே காய்ந்த வேர்களின் வாசனை. மேஜைக்குப் பின்னால் இருந்த வைத்தியப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கலாம். முகத்தில் பொறுமை என்பது மருந்துக்கும் இல்லை. ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். நான் இரண்டு வாக்கியம் சொன்னதும் நிறுத்தி, எந்த ஊர் என்று கேட்டாள். தைப்பிங் என்றேன். அவள் ஈப்போவாம், பக்கத்து ஊர்தான்.

"சுடா மாக்கான்?" என்றாள் உடனே, மலாயில். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் அது வெறும் வணக்கம்தான், பதிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை. எனக்கென்னவோ அதற்குப் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அதன்பிறகு மலாயிலேயே பேசினோம். சந்தையில் பேசுகிற மலாய். அதில் மரியாதைக்கு அதிக இடம் இல்லை. நாக்கை நீட்டச் சொன்னாள். இரண்டு மணிக்கட்டிலும் விரல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"இலையுதிர்காலம் நுரையீரலுடைய காலம். நுரையீரலுக்கு வறட்சி ஆகாது. உனக்கு உள்ளே எல்லாம் காய்ந்து கிடக்கிறது" என்றாள்.

"லண்டனில் வறட்சியா? என் குடையைப் பார், உன் தரையெல்லாம் ஈரம்" என்றேன்.

"ஈரம் வெளியே. நீ இருப்பது உள்ளே. ஹீட்டரைப் போட்டு, ஜன்னலைச் சாத்தி, வாயையும் சாத்திக்கொண்டு."

வாயைப் பற்றி நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

பிறகு விதிகளைச் சொன்னாள். இந்தக் காலத்தில் மரங்கள் செய்வதை மனுஷரும் செய்ய வேண்டும், வெளியே செலவழிப்பதைக் குறைத்து உள்ளே சேர்க்க வேண்டும். சீக்கிரம் தூங்கு, சீக்கிரம் எழுந்திரு. கழுத்தை மூடு. மிளகு, மிளகாய், இஞ்சி, பச்சை வெங்காயம் எல்லாம் நிறுத்து, அவை இருக்கிற ஈரத்தையும் வியர்வையாக்கி வெளியே தள்ளிவிடும். வெள்ளையாக இருப்பதைச் சாப்பிடு. பேரிக்காய், வெள்ளைக் காளான், லில்லிக் கிழங்கு, தேன். காலையில் எழுந்ததும் மூச்சை முழுக்க இழுத்து, பல் இடுக்கு வழியாக ஸ்ஸ்ஸ் என்று மெதுவாக விடு. அதுதான் நுரையீரலின் சத்தம்.

எழுதிக்கொண்டே தலையைத் தூக்காமல் கேட்டாள். "யாராவது இறந்துபோனார்களா?"

"இல்லை."

"யாராவது விட்டுப் போனார்களா?"

"இல்லை. ஏன்?"

"துக்கம் நுரையீரலில் தங்கும். இலையுதிர்காலத்தில் கிளம்பும். பழசாக இருந்தாலும் கிளம்பும்."

பேரிக்காய்க்கும் காளானுக்கும் வந்த என்னிடம் துக்கத்தைக் கேட்க இவள் யார் என்று ரயில் முழுக்கப் பொருமிக்கொண்டே வந்தேன். ஆல்பர்ட்டன் ஸ்டேஷன் தாண்டிய பிறகும் கோபம் ஆறவில்லை. துக்கம் என்றால் ஒரு செய்தி வேண்டாமா? ஒரு சாவு, ஒரு பிரிவு, நாலு பேரிடம் சொல்கிற மாதிரி ஏதாவது. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது, அதற்கு முறையாக அழுது முடித்துவிட்டேன். அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் ஒன்றுமே நடக்கவில்லை. நடக்காததற்கு யார் துக்கம் விசாரிக்க வருவார்கள்? இப்படி யோசித்தபோதுதான் அவள் சொன்னது எங்கோ சரியாகப் பட்டிருக்கிறது என்று தோன்றியது. அதனால் கோபம் இன்னும் அதிகமானது.

ஆனாலும் சொன்னதைச் செய்தேன். கற்கண்டு ரெய்னர்ஸ் லேன் தமிழ்க் கடையிலேயே கிடைத்தது. வெள்ளைக் காளான் அவள் கட்டிக் கொடுத்தது. காய்ந்திருக்கும்போது பழைய கடற்பஞ்சு மாதிரி இருக்கும். தண்ணீரில் போட்டால் கிண்ணம் கொள்ளாமல் உப்பிவிடும். பேரிக்காயின் தலையைச் சீவி, நடுவைக் குடைந்து, கற்கண்டும் காளானும் வைத்து, சீவிய தலையையே மூடியாகப் போட்டு ஆவியில் வேகவைக்க வேண்டும். ஆவிக்கு என்னிடம் இருந்தது இட்லிப் பானை. அதில் இட்லி வைத்து வருஷக்கணக்காகிறது. ஒருத்திக்காக யார் மாவு அரைப்பது? பேரிக்காயிலோ அந்தப் பிரச்சினை இல்லை. அது ஒருவருக்கென்றே அளவெடுத்த பண்டம். வெந்ததும் கரண்டியால் சுரண்டிச் சாப்பிட்டேன். மிருதுவாக, மெல்லிய இனிப்போடு, சத்தமே இல்லாமல் தொண்டையில் இறங்கியது. ரசம் செய்கிற ஆர்ப்பாட்டம் எதுவும் அதில் இல்லை.

இங்கேதான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். காலையில் பேரிக்காய், சாயங்காலம் மிளகு ரசம். இரண்டு வைத்தியத்துக்கும் நல்ல பிள்ளையாக இருந்தேன். ஒன்று ஈரத்தை ஊற்ற, மற்றது அதை வற்றவைக்க, இருமல் இரண்டுக்கும் நடுவில் சௌகரியமாகக் கால் நீட்டிப் படுத்திருந்தது. பக்கத்து வீட்டம்மாவிடம் சீன வைத்தியத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. அவரே ஒரு நாள் ரசத்தை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"காலமையில ஸ்ஸ்ஸெண்டு ஒரு சத்தம் கேக்குது. குக்கர் வச்சனீங்களோ? விசிலைக் காணேல்லை, அதுதான் கேட்டனான்."

"ஆமா, குக்கர்தான்" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாம் முறை போனபோது வைத்தியக்காரி என் நாக்கைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தாள்.

"மிளகு. யார் கொடுக்கிறார்கள்?"

"பக்கத்து வீட்டில்."

"நிறுத்தச் சொல்."

"சொன்னால் வரமாட்டாங்க."

எனக்கே தெரியாமல் அது வாயிலிருந்து வந்துவிட்டது. மலாயில் சொன்னதால்தான் அவ்வளவு சுலபமாக வந்தது என்று நினைக்கிறேன். தமிழில் அதை யாரிடமும் சொல்லியிருக்கமாட்டேன். அவள் பேனாவை மறுபடி எடுத்தாள். பிறகு, "அது என் வேலை இல்லை. இருமல்தான் என் வேலை" என்று சொல்லிவிட்டு, அடுத்த பொட்டலத்தைக் கட்டப் போனாள்.

பிரச்சினை இப்போது பட்டவர்த்தனமாக இருந்தது. ரசம் குடித்தால் இருமல் நிற்காது. ரசம் வேண்டாம் என்றால் அவர் வருவதற்குக் காரணம் இருக்காது. சரி, வாங்கிக்கொண்டு அவர் போன பிறகு தொட்டியில் ஊற்றிவிடலாமே என்று ஒரு நாள் கிண்ணத்தைக் கொண்டுபோனேன். முடியவில்லை. அவர் மிளகையும் உள்ளியையும் உரலில் இடிக்கும் சத்தமும் அந்தச் சுவர் வழியாகத்தான் வரும். மெஷின் நிற்கும், உரல் சத்தம் கேட்கும், பிறகு கதவு தட்டப்படும். எனக்காக இடித்ததைக் காதால் கேட்டுவிட்டுக் கையால் கொட்ட மனம் வரவில்லை. அந்தக் கிண்ணத்தையும் குடித்தேன். விடிய விடிய இருமினேன்.

அடுத்த நாள் அவர் வந்ததும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். எவ்வளவு பக்குவமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பக்குவமாக. வைத்தியக்காரி, வறட்சி, நுரையீரல், மிளகும் சுக்கும் கொஞ்ச நாளைக்குக் கூடாது, பேரிக்காய் சாப்பிடச் சொல்லியிருக்கிறாள்.

அவர் முதலில் சிரித்தார். "இருமலுக்குப் பழமோ? உங்களுக்கென்ன விசரே அக்கா? அது குளிரெல்லே! சளி கட்டப்போகுது."

"எனக்குச் சளியே இல்லம்மா. இது காஞ்சுபோன இருமல்."

"இருமலெண்டா இருமல்தானே. எங்கட ஆக்கள் எத்தினை காலமா மிளகு குடிக்கினம். சைனாக்காரருக்கு எங்கட உடம்பைப் பற்றி என்ன தெரியும்?"

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் அடுப்பங்கரை மேடையில் வரிசையாக இருந்த பேரிக்காய்களைப் பார்த்தார், கையிலிருந்த தூக்குச்சட்டியைப் பார்த்தார்.

"ஓம், உங்களுக்கு எது சுகமோ அதைச் செய்யுங்கோ" என்று எழுந்தார். "இண்டைக்குச் செய்ததை வச்சிட்டுப் போறன். குடிக்காட்டிப் பறவாயில்லை."

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நாலு மணிக்கு நான் லேப்டாப்பை மூடிவைத்து, மேஜையைத் துடைத்தேன். பழக்கதோஷம். மெஷின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. உரல் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

அவருடைய தூக்குச்சட்டி என்னிடமே நின்றுவிட்டது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் நானே போயிருக்கலாம். ஆனால் இன்னொரு வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று வளர்ந்த உடம்பு இது. எதையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். எதைப் போடுவது? எனக்குச் சமையல் சுமார். இனிப்பு வாங்கிப் போடலாம் என்றால் அவருக்குச் சர்க்கரை என்று சொல்லியிருக்கிறார். பேரிக்காயைப் போட்டுக் கொடுத்தால் சண்டைக்கு அழைப்பது போலாகிவிடும். கடை கடையாக நின்று யோசித்தேன். பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்து, இது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது மாதிரி இருக்கிறது என்று திரும்ப வைத்தேன். நாட்கள் போகப் போக, தாமதமாகப் போவதற்கும் சேர்த்து ஈடுகட்டுகிற மாதிரி பெரிதாக ஏதாவது வேண்டும் என்று தோன்ற ஆரம்பித்தது. அப்புறம் போகவே முடியாமல் ஆகிவிட்டது. சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, எனக்கும் ரோஷம் உண்டு என்று சொல்லிக்கொண்டேன். அது ரோஷம் இல்லை, வெறும் பயம். கதவைத் திறந்து அவர் முகத்தில் சிரிப்பு இல்லாமல் நின்றால் நான் என்ன செய்வேன்?

இருமல் அடங்கிக்கொண்டே வந்தது. முதலில் காலையில் நின்றது. பிறகு கூட்டங்களில் மைக்கை அணைக்காமலே இருக்க முடிந்தது. உன் வீட்டு இணையம் சரியாகிவிட்டதே என்று ஒருத்தி சந்தோஷப்பட்டாள். தெருவில் இலைகள் கொட்டி முடிந்து, கவுன்சில் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனது. கடைசியாகச் சந்துக் கடைக்குப் போனபோது வைத்தியக்காரி நாக்கைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"முடிந்தது. இனிமேல் வரவேண்டாம். குளிர்காலத்துக்கு வேறு சாப்பாடு, அது உனக்கே தெரிந்திருக்கும்."

"சும்மா வரலாமா?" என்று கேட்க வாய் வரை வந்தது. வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள். கேட்கவில்லை.

குணமாவதைப் போல ஒரு தனிமை வேறு இல்லை என்று அந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன். நோய் இருந்தபோது எனக்குப் போக ஓர் இடம் இருந்தது, வர ஓர் ஆள் இருந்தது, காலையில் எழுந்து குடைவதற்கு ஒரு பேரிக்காய் இருந்தது. இப்போது நன்றாக இருந்தேன். நன்றாக இருக்கும் ஒரு பெண்ணை யாரும் வந்து பார்க்க வேண்டியதில்லை. சனிக்கிழமை காலையிலிருந்து திங்கள் காலை வரை நான் உரக்கச் சொன்ன ஒரே வார்த்தை, ஹீட்டரில் கால் இடித்துக்கொண்டபோது சொன்னது. வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. தொண்டை அரிக்கிறதா என்று சிலசமயம் வேண்டுமென்றே எச்சில் விழுங்கிப் பார்ப்பேன். அரிக்கவில்லை. அதற்காக எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. யாரிடம் போய்ச் சொல்வது இதை?

அதற்கு அடுத்த வாரம், ஒரு மத்தியானம், வேலைக்கு நடுவில் கதவு தட்டப்பட்டது. வழக்கமான தட்டல் இல்லை, படபடவென்று அவசரமாக. பார்சல்காரன் என்று நினைத்து, சலிப்போடு போய்த் திறந்தேன்.

பக்கத்து வீட்டம்மா நின்றிருந்தார். கோட் இல்லை. வீட்டுச் செருப்பு. சட்டைத் தோளில் சிவப்பு நூல் துண்டுகள் ஒட்டியிருந்தன. என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நல்லா இருக்கிறீங்களோ?"

"இருக்கேன்மா. என்ன ஆச்சு? ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"ஒண்டுமில்லை." நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "கன நாளா ஒரு சத்தத்தையும் காணேல்லை. இருமலும் இல்லை, காலமையில அந்த ஸ்ஸ்ஸும் இல்லை. முதல் ரெண்டு நாள் பேசாம இருந்தன். இண்டைக்கு மெசினை நிப்பாட்டிப்போட்டுச் சுவரில காதை வச்சுப் பாத்தன். ஒண்டும் கேக்கேல்லை. தனிய இருக்கிற மனுசி, விழுந்து கிழுந்து போனாவோ எண்டு ஓடி வாறன்."

"இருமல் நின்னுடுச்சு. அதான்."

"நிண்டிட்டுதோ?" என்றார். அந்தக் குரலில் இருந்தது என்ன என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை.

உள்ளே வாங்க என்றேன். இந்தமுறை மரியாதைக்குச் சொல்லவில்லை. அவர் வாசற்படியிலேயே நின்று, வெறுமையான இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார்.

"வெறுங்கையோட வந்திட்டன். அப்பவே வந்திருப்பன் அக்கா. நீங்கள் மிளகு கூடாதெண்டீங்கள், வேர்க்கொம்பு கூடாதெண்டீங்கள். எனக்கு வேற ஒண்டும் செய்யத் தெரியாது. சுகமில்லாத ஆளின்ர வீட்டை வெறுங்கையோட எப்பிடி வாறது? கோவமெண்டு நினைச்சிருப்பீங்கள்."

"ஆமா, அப்படித்தான் நினைச்சேன்."

"சீச்சீ, எனக்கென்ன கோவம்?"

அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். நான் அப்படியெல்லாம் ஒருவரைத் தொட்டுப் பேசுகிறவள் இல்லை. அந்த நாற்காலியில் மறுபடி சலவைத் துணி குவிந்திருந்தது. அள்ளித் தரையில் போட்டேன். அவர் உட்கார்ந்தார். லேப்டாப்பில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதை மூடினேன்.

"இவர் விடிய வெளிக்கிட்டால் இருட்டினாப் பிறகுதான் வருவார்" என்றார், மேஜையைப் பார்த்துக்கொண்டு. "பிள்ளையளும் இல்லை. மெசினை நிப்பாட்டினால் வீட்டில ஒரு சத்தமும் இல்லை. நீங்கள் இருமினால், ஆ, அங்கால அக்கா இருக்கிறா எண்டு மனசுக்கு ஒரு தெம்பு. உங்களுக்குச் சுகம் வந்தது நல்லதுதான். நான் கும்பிட்டதும் அதைத்தான். எண்டாலும்..."

அதற்கு மேல் சொல்ல வெட்கப்பட்டு, தோளில் ஒட்டியிருந்த நூலை ஒவ்வொன்றாகப் பிய்த்தார். என் இருமல் நின்றதற்கு வருத்தப்பட்ட ஒரே ஆள் நான்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.